அம்மாவின் இடுப்பு நோவு

மருமகள் எனக்கு ஒத்தடம் கொடுக்க நொச்சி இலையை வதக்கினாள். அந்த வாசனையில், காஞ்சிபுரத்து வீட்டில் குப்புறப் படுத்திருந்த அம்மா கண்முன் வந்தாள்.

அப்போது எனக்கு எட்டு வயது. மழையில் பாசி பிடித்த கிணற்றடியில் அம்மா குடத்தோடு வழுக்கி விழுந்தாள். வீக்கம் வற்றியும் நோவு போகவில்லை. அப்பா தறியை நிறுத்திவிட்டு ஹக்கீமை அழைத்து வந்தார். அவர் கூடத்தில் உட்கார்ந்தார். அம்மா கதவுக்குப் பின்னால் நின்றாள்.

“காலு மரத்துப் போவுதான்னு கேளுப்பா,” என்றார் ஹக்கீம். அப்பா உள்ளே வந்து கேட்டார்.

“இடுப்பு மட்டுந்தான் நோவுது,” என்றாள் அம்மா. கால் மரத்துப் போவதை என்னிடம் சொல்லியிருந்தாள். வேற்று ஆள் காதில் விழ அதைச் சொல்ல அவளுக்குக் கூச்சம்.

ஹக்கீம் தைலம் கொடுத்தார். “தொட்டுப் பாக்காம எனக்கு எதுவும் தெரியாது. பட்டணத்து ஆஸ்பத்திரியில பொம்பளை டாக்டருங்க இருக்காங்க. கூட்டிக்கினு போப்பா,” என்றார்.

அப்பா வண்டி பேசினார். “புள்ள பால் மறக்கட்டும், அப்பால போவலாம்,” என்றாள் அம்மா. தம்பி பால் மறந்தான். பிறகு சித்தி கல்யாணம் வந்தது, பிறகு மழை வந்தது. அம்மா போகவே இல்லை.

தூக்கச் சொல்லித் தம்பி அழுதால், அவள் சுவரைப் பிடித்து மெல்லத் தரையில் படுத்து, அவனை மார்பில் ஏற்றிக்கொள்வாள். படுக்கும்போது வரும் முனகலை ராகமாக இழுத்துப் பாட்டாக்கிவிடுவாள்.

அம்மா நன்றாகப் பாடுவாள் என்று தம்பி இன்றும் தன் பேரனிடம் சொல்கிறான்.