கோபத்தோடு எடுத்த பேட்டி

எண்பதுகளின் தொடக்கம் அது. மதுரையில் உளவியல் படித்துவிட்டு, காசநோய்க்காரர்களின் மனநிலை பற்றி ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தேன். கோவில்பட்டியில் அறை எடுத்துத் தங்கி, டேப் ரெக்கார்டரும் கையுமாகச் சுற்றுவட்டாரக் கரிசல் ஊர்களுக்கு அலைவேன். நோயாளி என்ன சொன்னாலும் முகத்தில் எதையும் காட்டக் கூடாது என்பது என் பேராசிரியரின் உத்தரவு. எனக்கோ மூக்கு நுனியில் கோபம். பல்லைக் கடித்துக்கொண்டு சமாளித்து வந்தேன்.

கழுகுமலைப் பக்கம் பருத்தி விவசாயம் பார்க்கும் ஒரு சம்சாரி வீட்டு மருமகளைப் பார்க்கப் போனேன். என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். காசநோய்க்கு ஊசி போட்டு வந்தவர், பாதியில் நிறுத்திவிட்டார். "ஏன்க்கா?" என்றால், "சரியாப் போச்சு" என்பார். சொல்லி முடிப்பதற்குள் இருமல் வந்துவிடும்.

கிளம்பலாம் என்று எழுந்தபோது சாதாரணமாகச் சொன்னார்: "நாத்தனாரப் பொண்ணு பாக்க வாராவ. இருமல் சத்தம் கேட்டிரக் கூடாதுன்னு, அன்னைக்கு என்னையப் பருத்தி போட்டிருக்க ரூமுக்குள்ள இருக்கச் சொல்லியிருக்காவ. தெனமும் ஆஸ்பத்திரிக்குப் போனா ஊருக்குத் தெரிஞ்சிரும்லா, அதான் ஊசியும் வேண்டாம்னுட்டாவ."

வந்ததே எனக்கு ஒரு கோபம்! "இருமுற ஆளைப் பருத்தித் தூசிக்குள்ளயா அடைப்பாங்க? நீங்களும் சரின்னுட்டீங்களா? கேக்கவே வயிறு எரியுதுக்கா!" என்று கத்திவிட்டேன். டேப் வேறு ஓடிக்கொண்டிருந்தது.

அவர் என்னையே பார்த்தார். "எனக்காக ஒருத்தரும் இப்படிக் கோவப்பட்டதில்லம்மா" என்றவர் பொலபொலவென்று அழுதார். பயம், ரோஷம், பிள்ளையை விட்டுப் போய்விடுவோமோ என்ற தவிப்பு, எல்லாவற்றையும் கொட்டினார். அடுப்படியிலிருந்து மாமியார் எட்டிப் பார்த்தும் நிறுத்தவில்லை. கடைசியில் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "நான் செத்தா எம் பிள்ளைய இவியளா பாக்கப் போறாவ? நாளைக்குக் கோவில்பட்டி ஆஸ்பத்திரிக்கு ஊசிக்கு வாரேன்" என்றார்.

மறுநாள் கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டில் ஒவ்வொரு பஸ்ஸாக எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றேன். வந்துவிட்டார்! அதுவும் கணவரையும் இழுத்துக்கொண்டு.

டேப்பைக் கேட்ட பேராசிரியர், "உன் சத்தத்தை வெட்டிவிட்டு மீதியை எழுது" என்றார். "அதை வெட்டினால் அவர் ஏன் மனசு திறந்தார் என்றே புரியாது, சார்" என்று சொல்லி, என் கோபத்தையும் சேர்த்தே எழுதிக் கொடுத்தேன். முணுமுணுத்துக்கொண்டேதான் கையெழுத்துப் போட்டார்.

அந்த அக்கா ஊசியை முழுசாகப் போட்டு முடித்துத் தேறிவிட்டார். அடுத்த ஆனியில் பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய்ச் சேர்த்ததும் அவர்தான். அடுத்தவர் வலி நம்மைச் சுடாமல் அவரை எப்படிப் புரிந்துகொள்வது? அன்று கத்தியதற்காக நான் இதுவரை ஒரு நாள்கூட வருத்தப்பட்டதில்லை.