ஆட்டிடம் கற்ற ஆங்கிலம்

தபால் பெட்டிகளுக்கு முன்னால் நின்று ஒரு கையால் சாவியைத் தேடிக்கொண்டிருந்தேன். மறு கையில் அடுக்கியிருந்த பார்சல்கள் எல்லாம் சரிந்து தரையில் விழுந்தன. பின்னாலிருந்து ஒரு குரல், "ஓ டியர், ஓ டியர். நெவர் மைண்டுங்க" என்றது. திரும்பிப் பார்த்தேன். சுடிதார், எண்ணெய் வைத்து இறுக்கிப் பின்னிய சடை, இடுப்பில் ஒரு பையன். உச்சரிப்பு அப்படியே இங்கிலாந்து. கடைசியில் ஒட்டிக்கொண்டிருந்த 'ங்க' மட்டும் அப்பட்டமான கோயம்புத்தூர்ப் பக்கம். டெக்சாஸின் இந்த ரவுண்ட் ராக்கில் எத்தனையோ விதமான ஆங்கிலம் கேட்டிருக்கிறேன். இப்படி ஒன்றைக் கேட்டதே இல்லை.

"தமிழா நீங்க?" என்றேன். அவர் இடுப்பிலிருந்த பையனை ஒரு பார்வை பார்த்துவிட்டு என் காதருகே குனிந்து, "ஆமாங்க. ஆனா இவன் முன்னாடி தமிழ் பேசக் கூடாதுங்க" என்று கிசுகிசுத்தார். ஏதோ திருட்டுச் சாமானை விற்பவர் மாதிரி இருந்தது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவருக்கு வரவில்லை.

அவர்தான் மாடி வீட்டு அக்கா. கணவருக்கு இங்குள்ள பெரிய கம்ப்யூட்டர் கம்பெனியில் கான்ட்ராக்ட் வேலை. அக்காவுக்கு ஊர் கோபிப் பக்கம், படித்ததெல்லாம் தமிழ் மீடியம். பையனுக்கு மூன்று வயது முடிந்தும் பேச்சு வரவில்லை. ஒரு வார்த்தைகூட. காது நன்றாகக் கேட்கிறது, சொன்னால் புரிகிறது, வாய் மட்டும் திறப்பதில்லை. காலையில் அவன் போகும் ப்ரீஸ்கூலில் ஒரு டீச்சர், "வீட்டில் இரண்டு மொழி பேசினால் குழந்தை குழம்பிவிடும், ஆங்கிலம் மட்டும் பேசுங்கள்" என்று சொல்லியிருக்கிறார். கணவரும் அதையே பிடித்துக்கொண்டார். அன்றிலிருந்து அக்கா பெற்ற பிள்ளையிடம் தமிழ் பேசுவதை நிறுத்திவிட்டார். அது தப்பான யோசனை என்று ஒரு டாக்டர் சொன்னது வெகுநாள் கழித்துத்தான். அதற்குள் போனது போனதுதான்.

தமிழை நிறுத்தியாயிற்று, ஆங்கிலத்துக்கு எங்கே போவது? அக்கா டிவிக்குப் போனார். இங்கிலாந்தில் எடுத்த ஒரு குழந்தைகள் கார்ட்டூன். ஒரு வாத்து, ஒரு முள்ளெலி, மூக்குக்கண்ணாடி போட்ட ஒரு வயசான ஆடு, எல்லாம் நண்பர்கள். ஒவ்வொரு கதையிலும் யாராவது ஒருவர் இன்னொருவர் வீட்டுக் கதவைத் தட்டுவார், ஏதாவது ஒரு சின்னச் சிக்கல் வரும், எல்லோருமாகச் சேர்ந்து சரிசெய்துவிட்டு டீ குடிப்பார்கள். பையன் அதை வாயைப் பிளந்துகொண்டு பார்ப்பான். பக்கத்தில் உட்கார்ந்து அக்காவும் பார்ப்பார், உதட்டை அசைத்துச் சொல்லிப் பழகியபடி. ஆடு பேசுவதுதான் அவருக்கு நன்றாகப் புரிந்தது. மெதுவாக, நிறுத்தி நிறுத்திப் பேசுமாம்.

ஆனால் அந்த 'ங்க'வை மட்டும் அவரால் விட முடியவில்லை. 'கம் அலாங்குங்க', 'வெல் டன்னுங்க', 'நோங்க'. எங்கள் தூத்துக்குடியில் அம்மாவையே 'நீ' என்றுதான் கூப்பிடுவோம். இவரோ கைக்குழந்தைக்கும் மரியாதை கொடுக்கிற ஊரில் பிறந்தவர். "இங்கிலீஷ்ல எதுக்கு ங்க போடற?" என்று கணவர் கடிந்துகொண்டாராம். "வெறுங்கையோட விருந்துக்குப் போன மாதிரி இருக்குதுங்க அம்மிணி, அது இல்லாம பேசுனா" என்றார் என்னிடம். மளிகைக் கடையில் பில் போடும் அமெரிக்க அம்மாள் இவர் பேச்சைக் கேட்டு மயங்கிப்போய், இங்கிலாந்தா என்று ஆசையாகக் கேட்டிருக்கிறார். அக்கா பதில் சொன்னார்: "கோபிங்க."

நான் அப்போதும் இப்போதும் வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறேன். சாஃப்ட்வேரில் தப்புக் கண்டுபிடிக்கிற வேலை. தனி ஆள். மீட்டிங்கில் பேசுவதைத் தவிர்த்தால் முழு நாளும் வாயைத் திறக்கத் தேவையில்லாத வாழ்க்கை. பையன் ப்ரீஸ்கூலிலிருந்து திரும்புவதற்குள், என் லஞ்ச் நேரம் பார்த்து அக்கா கீழே இறங்கி வருவார். கையில் ஒரு கிண்ணம் இருக்கும், பெரும்பாலும் அரிசிம்பருப்புச் சாதம், மேலே நெய். உட்கார்ந்ததும் ஆரம்பிப்பார். ஊரில் மாடு கன்று போட்டது, நாத்தனார் புதுவீட்டுக்குக் கூப்பிடாமல் விட்டது, தேங்காய் எண்ணெய் இங்கே உறைந்துபோவது, எதுவாக இருந்தாலும் சரி. பையன் முன்னால் அடக்கி வைத்த தமிழை மொத்தமாக என் மேசையில் கொட்டிவிட்டுப் போவார். நான் சாப்பிட்டுக்கொண்டே "அப்படியாக்கா", "பொறவு?" என்பேன். அதற்குமேல் நான் பேச இடமும் இருக்காது. எனக்கும் அது போதுமாக இருந்தது. சாயங்காலம் வேலை முடிந்தபின் அந்தக் குரலை நினைத்துக்கொண்டிருப்பேன்.

ஒரு நாள் வந்தவர் பேசவே இல்லை. கிண்ணத்தை வைத்துவிட்டு வெறுமனே உட்கார்ந்திருந்தார். என்னக்கா என்றேன்.

"நேத்து பார்க்ல விழுந்து முட்டிய ராவிக்கிட்டானுங்க. ரத்தம். தூக்கி மடில வெச்சுட்டேன். என்ன சொல்றதுன்னே தெரியல அம்மிணி. வாயில வர்றதெல்லாம் தமிழு. பொறவு அந்த வாத்து விழுந்தப்ப ஆடு என்ன சொல்லுச்சோ, அதைத்தான் சொன்னேன். என்ற புள்ளைக்கு ஆறுதல் சொல்றதுக்கு அந்த ஆடு வந்து எடுத்துக் குடுக்க வேண்டியிருக்குதுங்க."

நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். 'நீங்க தமிழே பேசுங்கக்கா' என்று சொல்லியிருக்கலாம்தான். பிள்ளை பெறாதவள் சொல்லி, அதனால் ஏதாவது ஆகிவிட்டால் என்ற பயம். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அவன் பேசுவானுங்களா?" என்றார். பேசுவான் அக்கா என்றேன். எதை வைத்துச் சொன்னேன் என்று எனக்கே தெரியாது.

வசந்த காலத்தில் ஒரு நாள் ஆலங்கட்டி மழை பெய்து இன்டர்நெட் போய்விட்டது. அக்கா போன் பண்ணினார். டிவி ஓடவில்லை, பையன் வெறும் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான், கொஞ்சம் வந்து பார்க்க முடியுமா என்றார். குரலில் பதற்றம். டிவி இல்லாவிட்டால் அவனிடம் என்ன பேசுவது என்று அவருக்குத் தெரியாது என்பது எனக்குத் தெரியும். மாடி ஏறிப் போய்க் கதவைத் தட்டினேன்.

கதவைத் திறந்தவன் பையன். அக்கா அடுப்படியில் இருந்தார். அவன் அண்ணாந்து என்னைப் பார்த்தான். ஒரு கையால் கதவைப் பிடித்துக்கொண்டு, சற்றே ஒதுங்கி நின்று, தெளிவாக, "வாங்க" என்றான்.

அடுப்படியில் கரண்டி விழுந்த சத்தம் கேட்டது. "என்னங்க சொன்னான்?" என்று ஓடி வந்த அக்காவின் முகத்தை நான் மறக்க மாட்டேன். ஆங்கிலமா, தமிழா என்ற யோசனையே அதில் இல்லை. "வாங்கன்னு சொன்னான்க்கா" என்றேன். அக்கா என்னை நம்பவில்லை. செருப்புகூடப் போடாமல் வெளியே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, தன் வீட்டுக் கதவைத் தானே தட்டினார். பையன் போய்த் திறந்தான். "வாங்க." மறுபடியும் போனார், மறுபடியும் தட்டினார். ஒவ்வொரு தடவையும் அவன் அதே மரியாதையோடு பெற்றவளை உள்ளே அழைத்தான். கடைசியில் அக்கா வாசலிலேயே உட்கார்ந்து அவனைக் கட்டிக்கொண்டு, "என்ற சாமி, என்ற தங்கமே, வந்துட்டனுங்க, அம்மா வந்துட்டனுங்க" என்று அழுதார். நான் ரௌட்டரைத் தேடிப் போகிற சாக்கில் உள்ளே போய் நின்றுகொண்டேன். எனக்கும் தாங்கவில்லை.

எங்கே கற்றான் என்பது பிறகு பேசும்போதுதான் பிடிபட்டது. கார்ட்டூனில் யாராவது கதவைத் தட்டும்போதெல்லாம், பக்கத்தில் உட்கார்ந்திருந்த அக்கா தன்னை அறியாமல் டிவியைப் பார்த்து "வாங்க" என்று சொல்லியிருக்கிறார். வாத்துக்கும் சொன்னார், ஆட்டுக்கும் சொன்னார். வாசலுக்கு வந்தவரை வாங்க என்று கேட்காமல் இருக்க அந்த ஊர்க்காரர்களால் முடியாது. அந்த ஒரு சொல்லை அடக்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றக்கூட இல்லை.

அதன் பிறகு கணவர் சொன்னது, டீச்சர் சொன்னது எதையும் அக்கா காதில் போட்டுக்கொள்ளவில்லை. காலையில் பல் தேய்ப்பதிலிருந்து ஆரம்பித்துவிடுவார். இந்த ஊர் அபார்ட்மென்டுகள் மரத்தால் கட்டியவை, மேல்தளத்தில் பேசுவது கீழே கேட்கும். "ஒரு வாய் வாங்கிக்கங்க கண்ணு", "அங்க பாருங்க அணிலு", "ஏனுங்க சாமி கோவம்?" பையனும் ஒவ்வொரு சொல்லாகப் பிடித்துக்கொண்டான். லஞ்ச் நேரத்தில் அக்கா இறங்கி வருவது குறைந்தது, பிறகு நின்றது. என்மேல் ஒன்றுமில்லை. கொட்டுவதற்கு மிச்சம் இல்லை, அவ்வளவுதான். கிண்ணம் மட்டும் எப்போதாவது சாயங்காலம் வரும், வாசலில் கொடுத்துவிட்டு, "அவன் தனியா இருக்கானுங்க அம்மிணி" என்று ஓடிவிடுவார். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. பொறாமையாகவும் இருந்தது. மூன்று வயதுப் பையன்மேல் பொறாமைப்பட்டேன். மீட்டிங்கில் என்னை மியூட்டில் போட்டுவிட்டுக் கூரையைப் பார்த்து அவர் பேச்சைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்திருக்கிறேன்.

கணவருக்குக் கலிபோர்னியாவில் வேலை கிடைத்து அவர்கள் சான் ரமோனுக்குப் போய்விட்டார்கள். மேலே இப்போது வேறு யாரோ இருக்கிறார்கள், நடமாட்டம் மட்டும் கேட்கிறது.

போன பொங்கலுக்கு அக்கா கூப்பிட்டார். பையன் பெரிய வகுப்புக்குப் போய்விட்டானாம். போனில் வந்து, "ஹாய் ஆன்ட்டி, ஹேப்பி பொங்கல்" என்று அமெரிக்கப் பிள்ளையாக இரண்டு வார்த்தை பேசிவிட்டு ஓடிப்போனான். "எல்லாம் புரியுதுங்க அம்மிணி, பதிலு மட்டும் இங்கிலீஷ்ல. கெடக்கட்டும், வாய மூடறதே இல்ல" என்று சிரித்தார். சிரித்து முடித்துவிட்டுக் கேட்டார்.

"நீங்க யாருகிட்டங்க பேசறீங்க இப்ப?"

ஆபீஸ் மீட்டிங்கில் பேசுகிறேன் என்றேன். "அதில்லீங்க" என்றார்.

"நாந்தான் எப்பவும் பேசிட்டே இருந்தேன். உங்களப் பேசவே உடல. இன்னைக்கு நீங்க சொல்லுங்க, நான் கேக்கறேன்" என்று சொல்லிவிட்டு அக்கா நிஜமாகவே பேச்சை நிறுத்திக்கொண்டார். போனில் அவர் மூச்சு விடுவது கேட்டது. நான் ஜன்னலைப் பார்த்தேன், சாப்பிட்டுக் காய்ந்த தட்டைப் பார்த்தேன். சொல்ல எவ்வளவோ இருந்தது. வாயைத் திறந்தேன். ஒரு வார்த்தைகூட வரவில்லை. அக்கா அவசரப்படுத்தவில்லை, காத்துக்கொண்டிருந்தார்.