பாதிரியாருக்குக் கஞ்சி ஊற்றியவள்

அப்பொலோனியாவுக்குப் பாதிரியார் மேல் கொள்ளைப் பாசம் என்று கலிபோர்னியாக் கரையில் எங்கள் மிஷனில் எல்லோரும் பேசிக்கொண்டார்கள். பாசமாவது மண்ணாங்கட்டியாவது!

கடலோரத்தில் எங்கள் பூர்வகுடிக் குடிசையில் பிறந்தவள். ஞானஸ்நானம் கொடுத்து, பெண்கள் கொட்டடியில் பூட்டி, மாட்டுக் கொழுப்பு காய்ச்ச வைத்தார்கள். உத்தரவு கேட்காமல் கஞ்சிக்குக் கருவாலி மரத்துக் கொட்டை பொறுக்கக் காட்டுக்குப் போன அவள் அண்ணனுக்குப் பாதிரியார் சொல்லிக் கசையடி விழுந்தது. முதுகுப் புண் ஆறாமலே செத்துப்போனான். எங்களில் செத்தவருடைய சாமான்களை எரித்துவிடுவோம்; பெயரை யாரும் உச்சரிக்க மாட்டோம். உச்சரித்தால் போகிற உயிர் போக முடியாமல் தவிக்கும். பெற்றவள் காதுபடச் சொல்வது இன்னொரு முறை கொல்வதற்குச் சமம். பாதிரியாரோ வருடாவருடம், செத்தவர்களுக்கு ஜெபிக்கிற கல்லறைத் திருநாளில் பீடத்தில் நின்று அவன் பெயரை உரக்கச் சொல்வார்.

"வேணாம் சாமி, எம்புள்ளைய விட்டுருங்க சாமி" என்று அம்மா அவர் காலில் விழுந்து கெஞ்சினாள்.

"பிசாசுப் பழக்கம்!" என்று சிரித்தார் மனுஷன்.

அம்மாவும் போய்ச் சேர்ந்தாள். அந்த வருடத் திருநாளில் அவள் பெயரும் பீடத்திலிருந்து கேட்டது.

பிறகு மெக்சிகோ அரசாங்கம் மிஷன்களைக் கலைத்தது. ஆட்கள் சிதறினார்கள். பாதிரியார் இருமி இருமிப் படுத்த படுக்கையானார். முன்பு பன்றித் தீனி என்று அவர் ஒதுக்கிய கருவாலிக் கொட்டைக் கஞ்சியை இவள்தான் அவருக்கு ஊட்டினாள்.

மணியடிக்கும் பசிலியோவுக்குப் பொறுக்கவில்லை. "ஏக்கா, உங்கண்ணனைக் கொன்னவனுக்கு ஊட்டி விடுறியே, சூடு சொரணை இல்லியா?"

"வாய மூடுடா. இப்பச் செத்தா பக்கத்து மிஷன் சாமி ஓடி வந்து, பீடத்துக்குக் கீழ புதைச்சு, கல்லுல பேரை வெட்டி வச்சிடுவாரு. திராட்சை அறுப்பு முடிஞ்சா அவரு கப்பல் ஏறிடுவாரு. அப்புறம் இந்தப் பக்கம் சாமியே கிடையாது. அதுவரைக்கும் இந்தாளு உசுரோட இருக்கணும்."

பசிலியோ மறுநாளே நோயாளிக்கு ரசம் வைக்க ஒரு கோழி பிடித்து வந்தான்.

அறுவடை முடிந்தது. கப்பலும் போனது. அதற்குள் பாதிரியாருக்கு மூச்சு இழுக்கத் தொடங்கியிருந்தது.

"மகளே, கல்லறைத் திருநாளுக்கு எம்பேரைச் சொல்லி ஜெபம் பண்ணுங்க. இல்லாட்டி மோட்சம் போக முடியாம உத்தரிக்கிற ஸ்தலத்துல கிடந்து வேகணும்" என்றார்.

அவள் அவர் வாயைத் துடைத்துவிட்டாள். "உங்கள எங்க ஆளாவே நெனச்சு, எங்க முறைப்படியே செய்றோம் சாமி. அங்கி, ஜெபமாலை, காகிதம் எல்லாத்தையும் எரிச்சிடுவோம். பேரை ஒருத்தரும் சொல்ல மாட்டோம். எம்புள்ளைங்க காலத்துக்கும் சொல்ல மாட்டாங்க."

அவருக்குப் புரிந்துவிட்டது. "வேண்டாம் மகளே, வேண்டாம்!" என்று அவள் கையைப் பற்றிக்கொண்டார். அவள் விரல் விரலாகப் பிரித்து விடுவித்துக்கொண்டாள்.

பாதிரியார் தன் பெயரைத் தானே சொல்லத் தொடங்கினார். முதலில் மெல்ல, பிறகு கத்தி, பிறகு தொண்டை கட்டி. அப்பொலோனியா கதவைச் சாத்திவிட்டு முற்றத்தில் விறகு அடுக்கி, மேலே அவருடைய அங்கியையும் ஜெபமாலையையும் காகிதங்களையும் வைத்தாள். உள்ளே சத்தம் நிற்கும்வரை பொறுத்திருந்து தீ வைத்தாள்.