பூமிநாதன் லாரிக்கு நிறம் பார்த்தவன்

அருப்புக்கோட்டையில் சாயத் தொட்டி வைத்திருந்த வேங்கடபதிக்கு 1946இல் தொழில் என்று ஒன்றும் மிச்சமில்லை. உலகச் சண்டை தொடங்கியதும் ஜெர்மன் சாயம் நின்றது. சண்டை முடிவதற்குள் நூலும் சர்க்கார் கண்ட்ரோலுக்குள் போய்விட்டது. தொட்டிகள் வறண்டு, ஓரங்களில் நீலம் செதில் செதிலாக உரிந்துகொண்டிருந்தது. அந்த நேரத்தில்தான் எம்.ரெட்டியபட்டியிலிருந்து பூமிநாதன் ஆள் அனுப்பினார்.

பூமிநாதனுக்குக் கரிசலில் இருநூறு ஏக்கர் பருத்தி. அவருடைய தகப்பனார் 1931இல் வாங்கிய லாரி ஒன்று பருத்திக் கொட்டகையில் நின்றது. சண்டைக் காலத்தில் பெட்ரோல் கிடைக்காமல் கரி அடுப்பு மாட்டி ஓட்டி, எஞ்சின் முழுக்கக் கரியும் எண்ணெயும் அப்பிக் கிடந்தது. விருதுநகர் மெக்கானிக் பால்ச்சாமி அதைக் கழற்றிப் பூட்டி ஓட வைத்துவிட்டார். பூமிநாதனுக்கு அது போதவில்லை.

"செட்டியாரே, இந்த லாரி வந்து எறங்குனப்போ எஞ்சின் என்ன நெறத்துல இருந்துச்சோ, அதே நெறம் வேணும். நூலுக்குச் சாயம் போடுற கை உம்ம கை. இரும்பு என்ன பெரிசா?"

கூலி பற்றி அவர் பேசவில்லை. வேறொன்று சொன்னார். நூல் பங்கிடும் கமிட்டியில் அவருடைய மச்சினர் இருந்தார். வேங்கடபதி இங்கே இருக்கும்வரை அவன் அண்ணன் வீட்டு நான்கு தறிக்கும் நூல் தடையில்லாமல் வரும் என்றார். பத்து நாளில் திரும்பிவிடலாம் என்று மனைவி லிங்கம்மாளிடம் சொல்லிவிட்டுத்தான் வேங்கடபதி வந்திருந்தான்.

எஞ்சினில் வெளியே தெரிந்த நிறம் எதையும் அவன் நம்பவில்லை. சூடும் எண்ணெயும் பதினைந்து வருஷமாக அதைத் தின்றிருந்தன. பக்கவாட்டில் நம்பர் பொறித்த பித்தளைத் தகட்டைக் கழற்றும்படி பால்ச்சாமியிடம் சொன்னான். அடியில் இரண்டு விரல் அகலத்துக்கு, வெயிலும் புகையும் படாத பெயிண்ட் இருந்தது. சாம்பல் நிறம், அதற்குள் நீலம் கொஞ்சம் கலந்தது, மழைக்கு முந்தின வானம் மாதிரி.

வெள்ளைப் பொடி, விளக்குக் கரி, நீலம், துளி மஞ்சள் காவி எல்லாம் எண்ணெயில் குழைத்துத் தகரத் துண்டுகளில் பூசினான். நனைந்த நூல் ஒரு நிறம், காய்ந்த நூல் வேறு நிறம் என்பது அவனுக்குத் தெரியும். அதனால் ஒவ்வொன்றையும் காயவைத்து, அடுப்பு அனலில் காட்டி, காலை வெளிச்சத்தில் தகட்டு இடத்தோடு வைத்துப் பார்த்தான். நான்காவது தகரம் அப்படியே ஒட்டிப்போனது. எது பழசு எது புதுசு என்று பால்ச்சாமிக்கே சொல்லத் தெரியவில்லை.

பூமிநாதன் தகரத்தை வாங்கிக் கண்ணருகே கொண்டுபோனார்.

"இதுல நீலம் பத்தல. பச்சை அடிக்குது."

நீலம் கூட்டினான். "பத்தல." இன்னும் கூட்டினான். "பத்தல செட்டியாரே." தகட்டு இடத்தைக் காட்டினால், எண்ணெய் ஊறி மஞ்சளாகிவிட்டது என்றார். பத்து நாள் இருபதாயிற்று. கொட்டகைச் சுவர் ஓரமாகப் பதினேழு தகரங்கள் நின்றன. கடைசியில் இருந்தது அப்பட்டமான நீலம், எந்த எஞ்சினிலும் இல்லாத நீலம். அதையும் போதாது என்றவர், அன்று காலையில் துணி வெளுக்கிறவனை வேட்டி மஞ்சளாக இருக்கிறதென்று வைததும் வேங்கடபதி காதில் விழுந்திருந்தது. வேட்டி வெள்ளை வெளேரென்றுதான் இருந்தது.

மறுநாள் தன் பையிலிருந்து மூன்று நூல் முறுக்குகளை எடுத்து நீட்டினான்.

"ஐயா, இதுல எந்த நீலம்னு காட்டுனீங்கன்னா அந்தப் பக்கமே கொண்டு போயிருவேன்."

ஒன்று கருநீலம், ஒன்று கரும்பச்சை, ஒன்று கருப்பு. பூமிநாதன் வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய் விரலால் தடவிப் பார்த்தார். கருப்பை எடுத்துக் கொடுத்தார்.

"இதான்."

வேங்கடபதி கருப்பு நூலைக் கையில் வாங்கிக்கொண்டு அவர் கண்ணை உற்றுப் பார்த்தான். அவருக்குப் புரிந்துவிட்டது.

"பால்ச்சாமி, போயித் தண்ணி கொண்டா" என்றார். பால்ச்சாமி போனதும் குரல் தாழ்ந்தது. "வேற யாருகிட்ட சொன்னே?"

"சொல்லலங்கய்யா. இப்பத்தான் எனக்கே தெரியும்."

"ஒரு வருஷமா எல்லாம் மஞ்சளாத்தான் தெரியுது. கண்ணுக்குள்ள பொகை. அந்த எஞ்சினு நெறம் எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. அதை ஒரு தடவை கண்ணுல பார்த்துட்டா, கண்ணு போகலன்னு நினைச்சுக்குவேன்." பிறகு சொன்னார்: "எந் தம்பி நெலத்தைப் பிரிக்கச் சொல்லிக் கோர்ட்டுக்குப் போயிருக்கான். எனக்குக் கண்ணு தெரியாதுன்னு தெரிஞ்சா எங் கையெழுத்தையே செல்லாதும்பான். நீ இங்கயே இரு."

"நெறம் கெடச்சிருச்சேய்யா. அடிச்சா வேலை முடிஞ்சிரும்."

"உங்க அண்ணன் வீட்டுக்கு நூலு வருதுல்ல?"

வேங்கடபதி தங்கிவிட்டான். நான்காவது தகரத்தின் நிறத்தையே எஞ்சினுக்கு அடித்தான். பூமிநாதன் வந்து நின்று, பால்ச்சாமி காதில் விழும்படி, "இப்பத்தான் சரி" என்றார்.

பருத்தி நிறுக்கும்போது வேங்கடபதி அவர் பக்கத்தில் உட்கார்ந்தான். பஞ்சு வெளுப்பா, பழுப்பா, தூசி உண்டா என்று வாய் அசையாமல் சொன்னான். வருகிறவர்களின் பெயரைச் சொன்னான். கையெழுத்துப் போடும் இடத்தில் அவர் விரலுக்கு முன்னால் தன் விரலை வைத்தான். சோறு வேளைக்கு வந்தது. கொட்டகையைப் பூட்டவில்லை, அவனைக் காவல் காக்க ஆள் இல்லை. அருப்புக்கோட்டை பஸ் தினமும் இரண்டு தடவை வேலி ஓரமாகப் புழுதி கிளப்பிக்கொண்டு போனது. அதில் ஏறினால் நான்கு தறி நின்றுவிடும். அந்தத் தறிகளை நம்பித்தான் பதினோரு பேர் சாப்பிட்டார்கள்.

1948 சித்திரையில் லிங்கம்மாள் அதே பஸ்ஸில் வந்து இறங்கினாள். பூமிநாதன் எதிரில்தான் பேச வேண்டியிருந்தது.

"கண்ட்ரோலை எடுத்துட்டாக, நூலு தாராளமா வருது. யாரு தயவும் வேண்டாம். நீங்க வாங்க."

வேங்கடபதி தலை குனிந்தபடி தங்கள் சாதியார் வீட்டில் பேசும் கன்னடத்தில் நடந்ததையெல்லாம் அவளிடம் சொன்னான். நூல் பயம் போனாலும், இரண்டு வருஷமாக அவர் போட்ட கையெழுத்து ஒவ்வொன்றிலும் தன் விரலும் இருக்கிறதே, கேஸ் முடியுமுன் விஷயம் வெளியே வந்தால் தானும் மாட்டிக்கொள்ள வேண்டியதுதானே என்றான். பூமிநாதனுக்கு ஒரு வார்த்தையும் புரியவில்லை. அவர் முகம் இருவரையும் மாறி மாறித் தேடியது.

லிங்கம்மாள் அவரிடம் திரும்பினாள்.

"ஐயா, எங்க மாமனாருக்கும் இப்பிடித்தான் இருந்துச்சு. மதுரையில கண்ணுல வளந்த படலத்தை உரிச்சுவிட்டாக. கண்ணாடி போட்டுக்கிட்டு அவுக தறி நெய்தாக. நீங்களும் போங்க. இவுகளை வச்சுக்கிட்டா ஒங்க கண்ணு தொறக்குமா?"

"சொல்லிட்டானா?" என்றார் பூமிநாதன்.

"எங்கிட்ட மட்டுந்தான் சொன்னாக. நான் யாருகிட்டயும் சொல்லப் போறதில்ல."

பூமிநாதன் எழுந்து சுவரைத் தொட்டபடி உள்ளே போனார். அன்று லிங்கம்மாள் தனியாகத்தான் திரும்பினாள்.

டாக்டர் கத்திக்குப் பயந்து பூமிநாதன் மேலும் பத்து மாதம் ஓட்டினார். மாசி மாதம் ஒரு நாள் தம்பியே நேரில் வந்து முன்னால் நிற்க, வேங்கடபதி பெயர் சொல்வதற்குள், பூமிநாதன் அவரை யாரோ வியாபாரி என்று நினைத்து, "வாங்க, உக்காருங்க" என்று சொல்லிவிட்டார். தம்பி கிட்டே வந்து குனிந்து அண்ணன் கண்ணைப் பார்த்தார். பிறகு உள்ளே போய், "மதினி, அண்ணனை மதுரைக்குக் கூட்டிட்டுப் போகணும்" என்று சொல்லி அழுதார். கேஸ் என்னமோ நடந்துகொண்டுதான் இருந்தது. ஆனால் அண்ணன் கையைப் பிடித்து நடத்தியவர் தம்பிதான்.

அவர்கள் மதுரைக்குக் கிளம்பிய காலையில் வேங்கடபதியிடம் போ என்று யாரும் சொல்லவில்லை, இரு என்றும் சொல்லவில்லை. மத்தியானம்வரை கொட்டகையில் உட்கார்ந்திருந்துவிட்டு பஸ் ஏறினான்.

வீட்டில் தொட்டிகள் நிறைந்திருந்தன. லிங்கம்மாளும் அவள் தங்கையும் முழங்கை வரை சிவப்பாக நின்று நூலை முக்கிக்கொண்டிருந்தார்கள். அவள் இடம் விட்டு ஒதுங்கினாள். வேங்கடபதி சட்டையைக் கழற்றாமல் ஓரமாக நின்றான்.

"இது யாருக்கு?" என்று கேட்டான்.

"வீரசோழன் ஊர்க் கடைக்கு. நான் புடிச்ச ஆர்டரு" என்றாள்.

மூன்று நாள் கழித்துத்தான் தொட்டிக்குள் கை வைத்தான்.