வெர்லீனின் நாக்கு

மிசிசிப்பிக்காரன் என்று வெளியூரில் சொல்லிப் பாருங்கள், கேட்டவர் முகத்தில் உடனே ஒரு இரக்கம் வந்து உட்கார்ந்துகொள்ளும். சிகாகோவில் ஒரு சொந்தக்காரக் கல்யாணத்துக்குப் போயிருந்தேன். அங்கே ஒருத்தர் எனக்குக் காது கேட்காது என்பதுபோல ஒவ்வொரு வார்த்தையாக நிறுத்தி நிறுத்திப் பேசினார். இன்னொரு அம்மாள், உங்கள் வீட்டுக்குள்ளேயே கழிப்பறை இருக்கிறதா என்று கேட்டாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எங்கள் மாநிலத்தைத் திட்ட எங்களுக்கே ஆயிரம் காரணம் இருக்கிறது. என் தாத்தா ஓட்டுப் போடப் போன இடத்தில் கறுப்பர் என்பதற்காக அடி வாங்கித் திரும்பியவர். அந்தத் திட்டையெல்லாம் நாங்கள் திட்டிக்கொள்கிறோம், உனக்கென்ன வந்தது?

எங்கள் ஊர் டாலிவர். சுற்றிலும் குளங்கள், எல்லாம் கெளுத்தி மீன் வளர்க்கிற குளங்கள். ஊரில் பாதிப் பேருக்கு மீன் ஆலையில் வேலை. நான் அங்கே இருபது வருஷம் உயிர்மீன் ஏற்றும் லாரி ஓட்டினேன். என் பெரியம்மா மகள் வெர்லீன் கேட்வுட் அதே ஆலையில் மீன் ருசி பார்ப்பவள்.

ருசி பார்ப்பது ஒரு வேலையா என்று சிரிக்காதீர்கள். வெயில் காலத்தில் சில குளங்களில் ஒரு வகைப் பாசி பிடிக்கும், இரண்டு மூணு நாளிலேயே மீனில் சேற்று வாடை ஏறிவிடும். மீனுக்கு ஒன்றும் ஆகாது. நல்ல தண்ணீரில் மூன்று வாரம் விட்டால் வாடை தானாகப் போய்விடும். அது போகிறவரை அந்தக் குளத்து மீனை ஆலை வாங்கக் கூடாது. அதனால் வலை போடுவதற்கு முன்னால் பல தடவை மீனைக் கொண்டுவந்து காட்ட வேண்டும். கடைசித் தடவை, லாரி வாசலில் நிற்கும்போதே ஒரு மீனை எடுத்து, வால் பக்கத் துண்டைக் காகிதப் பையில் போட்டு, உப்புக்கூட இல்லாமல் மைக்ரோவேவில் வேகவைப்பார்கள். வெர்லீன் பையைப் பிரித்து மோந்து பார்ப்பாள், ஒரு கடி கடிப்பாள், துப்புவாள். "சரி" என்றால் மீன் உள்ளே போகும். "திருப்பு" என்றால் லாரி வந்த வழியே குளத்துக்குப் போகும்.

இருபத்து நாலு வருஷம் இதே வேலை. அந்த நாக்குக்காக அவள் வெங்காயத்தை விட்டாள், மிளகாய்ச் சாற்றை விட்டாள், காலையில் காப்பியை விட்டாள். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குக்கூட வாசனை போட்டுக்கொள்ள மாட்டாள். கூடப் பிறந்த அண்ணன் குளத்தையே அடுத்தடுத்து மூணு தடவை திருப்பியிருக்கிறாள். அந்த வருஷம், குடும்பமே கூடுகிற நன்றித் திருநாள் சாப்பாட்டுக்கு அண்ணன் வரவில்லை. அவளும் போய் அழைக்கவில்லை.

போன வருஷம் ஆகஸ்டில் வடக்கே ஒரு பெரிய நகரத்திலிருந்து எலியட் என்று ஒரு டிவிக்காரர் வந்தார். நாட்டிலேயே ஏழை மாநிலம் என்ன சாப்பிடுகிறது என்பது நிகழ்ச்சியாம். வந்த முதல் நாளே கெளுத்தியைச் சேற்று மீன், சேற்று மீன் என்றுதான் சொன்னார். ஆலை புதிது, நல்ல வெள்ளைச் சுவர். அது அவருக்குப் பிடிக்கவில்லை. இடிந்து கிடக்கிற பஞ்சு ஆலை முன்னால் வெர்லீனை நிற்கச் சொன்னார். தலையில் மாட்டியிருக்கிற வலையையும் வெள்ளைக் கோட்டையும் கழற்றிவிட்டால் இயல்பாக இருக்குமாம். வெர்லீன் கோட்டின் பொத்தானைக் கழுத்துவரை போட்டுக்கொண்டு, வேலை நேரத்தில் கழற்ற மாட்டேன் என்று சொல்லிவிட்டாள்.

மேலாளர் ரென்ஃப்ரோ இந்த நிகழ்ச்சிக்கென்று ஹாலிஸ் என்கிற மீன் வளர்ப்பவரின் குளத்தைத் தேர்ந்தெடுத்தார். எங்கள் பக்கத்திலேயே சுத்தமான குளம் அது. மூணு நாள் முன்னால் பார்த்தபோது வெர்லீனே "சரி" என்றிருந்தாள். காமிரா முன்னால் அவள் மீனைக் கடித்து, சிரித்து, "சரி" என்று சொல்லவேண்டும். சேற்று மீன் என்று சொன்னவன் வாயை அடைக்கவேண்டும். ஊரே அந்த ஒரு வார்த்தைக்குக் காத்திருந்தது. சர்ச்சில் ஜெபமே செய்தார்கள் என்றால் பாருங்கள்.

லாரியை நான்தான் ஓட்டி வந்தேன். பையைப் பிரித்ததுமே அவள் முகம் மாறியதைப் பார்த்துவிட்டேன். அவள் ஒரு கடி கடித்தாள், துப்பினாள், வாயைக் கொப்பளித்தாள்.

"திருப்பு."

ரென்ஃப்ரோ அசட்டுச் சிரிப்போடு இன்னொரு தடவை பார்க்கச் சொன்னார். வேறு மீன் வெட்டினார்கள். அதையும் துப்பினாள். நான் அவள் பக்கத்தில் போய்க் காதோடு காதாகச் சொன்னேன்: "அக்கா, இந்த ஒரு தடவை சரின்னு சொல்லிடு. கேமரா போனதும் நானே லாரியைத் திருப்பி ஓட்டிட்டுப் போறேன். ஒருத்தருக்கும் தெரியாது."

"எனக்குத் தெரியுமே, லாவெல்" என்றாள்.

எலியட்டுக்கு வாயெல்லாம் பல். அப்படியா, நானும் பார்க்கலாமா என்றார். வெர்லீன் காலையில் தேர்ச்சியான இன்னொரு குளத்து மீனையும் எடுத்து, இரண்டு துண்டையும் அவர் முன்னால் வைத்தாள். எது எது என்று சொல்லவில்லை. அவர் இரண்டையும் நிதானமாக மென்று, கண்ணை மூடித் திறந்து, இரண்டாவதுதான் அருமை, வெண்ணெய் மாதிரி இருக்கிறது என்று அளந்தார். காமிரா ஓடிக்கொண்டிருந்தது.

"அதுதாங்க நான் திருப்பினது" என்றாள் வெர்லீன், ரொம்ப மரியாதையாக.

நாங்கள் சிரித்த சிரிப்பில் அந்த மனுஷர் முகத்தில் ஈயாடவில்லை. அப்பாடா, மானம் பிழைத்தது என்று நினைத்தேன். ஒரு நல்ல குளத்து மீனைக்கூட, ஊரே கெஞ்சினாலும் உள்ளே விடாத ஆட்கள் நாங்கள். இதைவிட என்ன பெருமை வேண்டும்?

அக்டோபரில் நிகழ்ச்சி வந்தது. சர்ச் கூடத்தில் எல்லோரும் சேர்ந்து உட்கார்ந்து பார்த்தோம். அவர் தின்றது வரவில்லை. எங்கள் சிரிப்பு வரவில்லை. வெர்லீன் துப்புவது மட்டும் வந்தது, அதுவும் மூணு தடவை, மெதுவாக. வளர்க்கிறவர்களே வாயில் வைக்க முடியாத மீன் என்று அந்த ஆளின் குரல். முன்னால் அந்த இடிந்த பஞ்சு ஆலை, பின்னால் ஒரு சோகப் பாட்டு. எனக்கு அந்த டிவியைத் தூக்கிப் போட்டு உடைக்கலாம் போல இருந்தது.

இதிலே வயிற்றெரிச்சல் என்னவென்றால், ஊர் அந்த ஆள்மேல் கோபப்படவில்லை. அவர் கைக்கெட்டாத தூரத்தில் இருக்கிறார், வெர்லீன் கைக்குப் பக்கத்திலேயே இருக்கிறாள். ஊர் மானத்தை வாங்கிவிட்டாள் என்றார்கள். ஹாலிஸின் பெண்டாட்டி சர்ச்சில் அவள் உட்கார்ந்த வரிசையிலிருந்து எழுந்து போய்விட்டாள். ரென்ஃப்ரோ ஒரு காகிதம் எழுதிக்கொண்டு வந்தார். அன்றைக்கு எனக்கு ஜலதோஷம், நாக்கு சரியில்லை, மீன் நன்றாகத்தான் இருந்தது என்று வெர்லீன் ஒரு வீடியோவில் சொன்னால் போதுமாம். கேட்டுப் பார்க்கச் சொல்லி என்னைத்தான் அனுப்பினார்.

வெர்லீன் அந்தக் காகிதத்தை இரண்டு தடவை படித்தாள். "அன்னிக்கு என் நாக்கு தப்புன்னா, இருபத்து நாலு வருஷமா நான் சரின்னு சொன்னதெல்லாம் என்ன? அதை யார் நம்புவாங்க?" என்று கேட்டாள். எனக்குக் கோபம்தான் வந்தது. பிடிவாதக்காரி, ஊரைவிட உன் நாக்கு பெரிசா என்று கத்திவிட்டு வந்தேன். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருக்கிறது இப்போது.

அடுத்த வாரமே அவளைத் தோல் உரிக்கிற வரிசைக்கு மாற்றினார்கள். நாள் முழுக்க ஈரத்தில், ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு, ஐம்பத்தெட்டு வயதில் நிற்கிற வேலை. ருசி பார்க்கிற மேசைக்கு என்னைக் கூப்பிட்டார்கள். நானும் வெட்கமில்லாமல் போனேன். அக்கா பக்கத்தில் நின்று இருபது வருஷம் பார்த்தவன்தானே, மோந்தால் எனக்குத் தெரியாதா?

தெரிந்தது. அதுதான் கஷ்டம். குளிர்காலம் முழுக்கச் சிக்கலில்லை, குளிரில் அந்தப் பாசி வராது. இந்த ஜூனில் வெயில் ஏறியது. சிகாகோவில் வரிசையாகக் கடைகள் வைத்திருக்கிற ஒருத்தர் அந்த நிகழ்ச்சியைப் பார்த்திருந்தாராம். டிவி சொல்வதில் எனக்கு நம்பிக்கையில்லை, நீங்கள் அனுப்புங்கள், நானே பார்க்கிறேன் என்று முதல்முதலாக ஆர்டர் கொடுத்தார். எங்கள் பெயரை மீட்கக் கடவுளே கொடுத்த வாய்ப்பு என்றார் ரென்ஃப்ரோ. சிகாகோ லாரி வெளியே தயாராக நின்றது. ஹாலிஸின் மீன் வந்தது. பையைப் பிரித்தேன். மழை பெய்து வடிந்த வாய்க்கால் வாடை லேசாக, ரொம்ப லேசாக வந்தது. அந்தக் கல்யாணத்து அம்மாள் முகம் எனக்கு முன்னால் வந்து நின்றது. இன்றைக்கு மீன் இல்லை என்று அவர்களுக்குச் சொல்லவா? அவர்களுக்கு என்ன தெரியும், டிவிக்காரருக்கே தெரியவில்லையே.

"சரி" என்றேன்.

ஒன்பதாம் நாள் பெட்டிகள் அப்படியே திரும்பி வந்தன. அங்கே சமையல்காரர் ஒருத்தருக்கு நாக்கு இருந்திருக்கிறது. ரென்ஃப்ரோவுக்கு நம்ப முடியவில்லை, வழியில் ஏதோ கெட்டிருக்கும் என்றார். உறுதியாகச் சொல்ல ஊரில் ஒரே ஆள்தான் உண்டு. அவளைக் கூட்டிவர இந்தத் தடவையும் என்னைத்தான் அனுப்பினார்.

வெர்லீன் கையைத் துடைத்துக்கொண்டு பூட்ஸோடு வந்தாள். கெஞ்ச வைப்பாள் என்று நினைத்தேன், வைக்கவில்லை. துண்டை வேகவைத்துக் கொடுத்தோம். கடிக்கவே இல்லை, மோந்தாள், பையை மூடிவிட்டாள்.

"வழியில கெடல. குளத்துலயே இருந்த வாடை. மூணு வாரம் விட்டிருக்கணும்" என்றாள். "இதை யார் சரின்னு சொன்னது?"

ரென்ஃப்ரோ என்னைப் பார்த்தார்.

"நான்தான்கா."

"தெரியாமலா சொன்னே?"

இருபது வருஷம் அவளிடம் பொய் சொன்னதில்லை. "தெரிஞ்சுதான் சொன்னேன்" என்றேன்.

திட்டுவாள் என்று நின்றேன். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அவள் பெட்டிமேல் பெரிதாக அச்சடித்திருந்த எங்கள் ஊர்ப் பெயரை ஒரு விரலால் தொட்டாள்.

"அந்த டிவிக்காரன் சொன்னது அன்னிக்குப் பொய்டா, லாவெல்" என்றாள். "இன்னிக்கு நீ அதை நிஜமாக்கிட்டே."

அப்புறம் கையுறையை மாட்டிக்கொண்டு வரிசைக்குப் போய்விட்டாள்.