சுவருக்கு வெளியே கேட்ட கோல்கீப்பர்

போன சனிக்கிழமை கேளம்பாக்கம் போயிருந்தேன். என் தங்கை எஸ்தருக்கு அங்கே கால்பந்துப் பயிற்சி முகாமின் கடைசி நாள். தொழில்முறை மகளிர் அணி. மூன்று கோல்கீப்பர்கள், இரண்டு இடங்கள். ஒன்று மூத்த வீராங்கனைக்கு என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. மிச்சமிருந்த ஒன்றுக்கு எஸ்தரும் கோவளத்துப் பெண் ஒருத்தியும் போட்டி. மதியத்துக்குள் ஒருத்தி பையைக் கட்டியாக வேண்டும்.

இப்படி முகாமில் தங்கியிருக்கும் பிள்ளைகளைப் பார்க்கப் போகிறவர்களுக்காக வழியையும் எழுதிவிடுகிறேன். எங்கள் அனகாபுத்தூரிலிருந்து பல்லாவரத்துக்கு ஷேர் ஆட்டோ, இருபது ரூபாய். அங்கிருந்து தாம்பரத்துக்கு மின்சார ரயில், ஐந்து ரூபாய், கால் மணி நேரம். தாம்பரத்தில் கேளம்பாக்கம் பஸ். சுமார் இருபத்தைந்து கிலோமீட்டர். சாதாரண பஸ் என்றால் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. வண்டலூர் வரை நின்றேன். பிறகு ஜன்னல்.

ஜன்னலில் வேறொன்று ஓடியது. முதல் வாரம் முடிந்து இரண்டு நாள் விடுமுறையில் எஸ்தர் வீட்டுக்கு வந்திருந்தாள். கோச் சொன்னதைச் சொன்னாள். “பந்தை நல்லா பிடிக்கிற. ஆனா பின்னாடி நிக்கிற நீ பேசலைன்னா முன்னாடி இருக்கிறவங்களுக்குக் கண்ணு இல்லாத மாதிரி.”

எங்களுடையது மெதுவாகப் பேசும் வீடு. ஒரே சுவரின் அந்தப் பக்கம் இன்னொரு குடும்பம். கத்திப் பேசி அவளுக்குப் பழக்கமில்லை. மொட்டை மாடிக்குப் போனாள். எங்கள் தலைக்கு மேல்தான் விமானங்கள் இறங்கும். அந்த நேரம் டிவி கேட்காது, போன் பேச முடியாது. ஒவ்வொரு விமானத்துக்கும் அடியில் நின்று அவள் கத்தினாள். பக்கத்தில் நின்ற எனக்கு வாய் திறந்து மூடுவது மட்டும் தெரிந்தது.

“கேட்டுச்சாக்கா?”

“இல்ல.”

“அதான் நல்லது” என்றாள்.

மைதானத்து வாசலில் ஒன்பதரைக்கு இறங்கினேன். வாட்ச்மேன் நாற்காலியை விட்டு எழவில்லை.

“உள்ள வுட மாட்டாங்கமா. அப்பா அம்மாவுக்கே இல்ல.”

“நான் அக்கா.”

“அக்காவுக்குந்தான் இல்ல. அந்தாண்ட புங்க மரம் கீது பாரு, நெழல்ல நில்லு.”

மதில் என்னைவிட இரண்டு மடங்கு உயரம். மரத்தடியில் ஏற்கெனவே ஒருவர் பைக்கில் சாய்ந்து நின்றிருந்தார். கோவளம் கரையில் மீன் ஏலம் விடுகிறவராம். அவர் மகளும் கோல்கீப்பர். அந்த மகள்தான் என்று புரிந்தது. நான் யார் என்று சொல்லவில்லை.

பத்து மணிக்கு விசில். பயிற்சி ஆட்டம். எங்களுக்குச் சுவர் மட்டும்.

“கீப்பர்!”

பந்து எனக்கு என்று கோல்கீப்பர் கொடுக்கும் குரல். யாரோ என்று நினைத்தேன்.

“ரைட்ல பாரு! வுடாத! வுடாத!”

ஆட்டக்காரர்களில் பாதிப் பேருக்குத் தமிழ் தெரியாது என்று எஸ்தர் சொல்லியிருந்தாள். வுடாத என்றால் என்னவென்று அன்று தெரிந்திருக்கும். மரத்திலிருந்த காக்கை பறந்துபோனது. மொட்டை மாடியில் பார்த்த வாய்க்கு இப்போதுதான் சத்தம் வந்தது.

“யாரு பெத்த புள்ளமா இது? ஏலம் வுடற தொண்டை” என்றார் அவர்.

“என் தங்கச்சி.”

திரும்பி என்னைப் பார்த்தார். பிறகு சுவரை.

இடைவேளைக்குப் பின் அவர் மகளின் முறை. கையுறையில் பந்து விழும் சத்தம். சுத்தமாக. திரும்பத் திரும்ப. வேறு எதுவும் இல்லை.

“புடிக்குது. நல்லா புடிக்குது” என்றார். “வாயத்தான் தொறக்க மாட்டேங்குது. வூட்ல நான் ஒருத்தனே கத்திகினு இருந்தா அது எங்கமா கத்தும்?”

தண்ணீர் பாட்டிலை நீட்டினேன். வாங்கிக் குடித்தார்.

பன்னிரண்டு மணிக்குக் கதவு திறந்தது. முதலில் வந்தது அவர் மகள். தோளில் பை. அப்பாவிடம் கொடுத்துவிட்டு என்னைப் பார்த்தாள். “எஸ்தர் அக்காவா நீங்க? சாயலே சொல்லுது. என் காதைக் கிழிச்சிட்டா உங்க தங்கச்சி.” சிரிக்க முயன்றாள். பாதி வந்தது. பைக் கோவளம் பக்கம் திரும்பியது.

அப்புறம் எஸ்தர். பை இல்லை. பத்து நிமிடம்தான் அனுமதி. தொண்டையைத் தொட்டுக் காட்டிக் கையை விரித்தாள். சுத்தமாகக் குரல் இல்லை. வியர்வையோடு கட்டிக்கொண்டாள்.

போகிறவர்களுக்கு: தொப்பி, தண்ணீர், கொறிக்க ஏதாவது. வாசலில் ஒரு டீக்கடைதான், அதுவும் பதினொன்றுக்கு மூடிவிடுகிறது. வெள்ளிக்கிழமை வேண்டாம், பல்லாவரம் சந்தைக் கூட்டத்தில் ஷேர் ஆட்டோ நகராது. வீட்டில் கோல்கீப்பர் இருந்தால் தாம்பரத்திலேயே பனங்கற்கண்டு வாங்கிக்கொள்ளுங்கள். நான் வாங்கவில்லை.

மூன்று மணிக்கு வீடு. அம்மாவிடம் சொல்லிவிட்டு மாடிக்குப் போனேன். நான் கத்தியே பழகாதவள். காத்திருந்தேன். விமானம் வந்தது.

“எஸ்தர் டீம்ல இருக்கா!”

விமானம் ஓடுபாதைக்குப் போய்விட்டது. நான் நிறுத்தவில்லை. பக்கத்து வீட்டு ஜன்னல் திறந்தது.

“இன்னாமா ஆச்சு?”

அதே சத்தத்தில் இன்னொரு முறை சொன்னேன்.