குதிரையின் காலுறை

யுத்த காலத்தில் தூத்துக்குடித் துறைமுகத்துக்கு ஜட்கா ஓட்டிக்கொண்டிருந்தேன். என் குதிரை ஓடும்போது ஒரு காலால் மறுகாலை இடித்துப் புண்ணாக்கிக்கொள்ளும். அதனால் பின்னங்கால்களில் தோலுறை மாட்டியிருந்தேன்.

வாசல் காவலருக்கு அந்த உறைகள்மேல் தீராத சந்தேகம்.

"உள்ள என்னலே ஒளிச்சிருக்க? கொழும்புத் தங்கமா? கழத்துலே!"

தினமும் கழற்றுவேன். குதிரையின் காலையும் சேர்த்துத் தடவிப் பார்ப்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஒருநாள் சவாரிக்காரரின் பெட்டியை உள்ளே கொடுத்துவிட்டுத் திரும்பினால், காவலர் குதிரையின் காலடியில் குந்தியிருந்தார். என்னைக் கண்டதும் சட்டென்று எழுந்தார்.

"சரி, போலே" என்றார். கழற்றச் சொல்லவில்லை.

எதையோ உள்ளே வைத்து என்னை மாட்டிவிடப் பார்க்கிறார்! உப்பளத்து ஓரம் வண்டியை நிறுத்தி, உறைகளைப் பிரித்தேன்.

ஒன்றில் எதுவுமில்லை. மற்றதில், உறை உரசிக் கால் புண்ணாகியிருந்த இடத்தில், காக்கித் துணி மெத்தென்று சுற்றியிருந்தது.

மறுநாள் அவருடைய ஒரு காலில்தான் முழங்கால்வரை சுற்றும் காக்கித் துணிப் பட்டி இருந்தது. மறுகாலில் பட்டி இல்லை.

"பட்டிய எங்க அண்ணாச்சி?"

"தொலைஞ்சிட்டு. நீ உறையைக் கழத்து."

கழற்றினேன். அன்று அவர் விரல்கள் எதைத் தேடின என்று எனக்குத் தெரியும். அதற்கு முந்தைய நாட்களில் எதைத் தேடின என்பதுதான் இன்றுவரை தெரியவில்லை.